புரட்டித் தைத்த கொலர்

ஆண்களின் சேர்ட்டில் முதலில் சாவது கொலர்தான். உடம்புத் துணி இன்னும் இரண்டு மூன்று வருடம் உழைக்கும். கழுத்தில் உரசுகிற அந்த மடிப்பு மட்டும் நைந்து, நூல் பிரிந்து, வெள்ளையாகப் பல்லைக் காட்டும். அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. கொலரைக் கழுத்துப் பட்டியிலிருந்து பிளேட்டால் பதமாகப் பிரித்து, அப்படியே புரட்டி வைத்துத் திரும்பவும் தைத்தால், நைந்த பக்கம் அடியில் போய்விடும். வெயிலும் வியர்வையும் காணாத பக்கம் மேலே வரும். அம்மா எனக்குப் பழக்கிய முதல் வேலை இது. மலிவு உடுப்புகள் கடைகளில் குவிந்த பிறகு இதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. 2022இல் வந்தார்கள்.

அந்த வருடம் இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். மட்டக்களப்பு டவுனுக்கு வெளியே தன்னாமுனையில், எங்கள் வீட்டுத் திண்ணையில் கரண்ட் இல்லாமல் என் மோட்டார் தையல் மெசின் பிணம் மாதிரிக் கிடந்தது. பெற்றோல் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, “எல்லாம் நன்மைக்குத்தான் அக்கா” என்றார். கையில் இருந்த குடையால் ஒன்று போட்டிருப்பேன். வெயில் அவரைக் காப்பாற்றியது, குடையை மடக்க மனம் வரவில்லை.

ஆனால் அந்த வருடத்தில் எனக்கு நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மாமியாரின் கால் மெசினைத் தூசு தட்டி எண்ணெய் விட்டேன். புதுத் துணி வாங்க முடியாதவர்கள் பழையதைக் கொண்டு வந்தார்கள்: இடுப்பு தளர்த்த, பாவாடைக்கு விளிம்பு இறக்க, கொலர் புரட்ட. நூல் வாங்க டவுனுக்குச் சைக்கிளில் போனேன். ஐம்பத்து நாலு வயதில் முதல் கிழமை முழங்கால் அழுதது. மூன்றாவது கிழமை வாவிக் காற்று முகத்தில் அடிக்க, ஸ்கூட்டியில் போன இத்தனை வருடமும் இந்தக் காற்றை எங்கே வைத்திருந்தேன் என்று யோசித்தேன்.

மகள் உளவளத்துணை படிக்கிறாள். நான் செய்ததற்கு மறுமதிப்பீடு என்று பேராம். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் இதைப் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு கெட்ட நிகழ்ச்சியை நாம் இரண்டு விதமாகக் கையாளலாம். ஒன்று, அதற்கு வேறு அர்த்தம் கண்டு பார்ப்பது. மற்றது, வருகிற உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் விழுங்குவது. விழுங்குகிறவரின் முகம் அமைதியாக இருக்கும், உள்ளே வருத்தம் குறையாது. உடம்பு கூடுதலாகப் பாடுபடும், நடந்தது மனதில் பதிவதுகூடக் குறையும். வேறு அர்த்தம் காண்கிறவருக்கு வருத்தமே கொஞ்சம் இறங்கும்.

கேட்டவுடன் எனக்குக் கொலர்தான் ஞாபகம் வந்தது. விழுங்குவது, நைந்த இடத்தை ஊசியால் குத்தி மறைப்பது மாதிரி. இரண்டு தோய்ச்சலில் காட்டிக் கொடுத்துவிடும். புரட்டுவதென்றால் முதலில் பிரிக்க வேண்டும். பிரிக்கிறபோது சேர்ட் முன்னையைவிட மோசமாகத்தான் தெரியும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட இதுதான். மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. அடுத்த மாதங்களில், நடந்ததையும் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது.

அம்மா ஒன்றும் எழுதவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பை அடித்தபோது எனக்குப் பத்து வயது. கூரை போனது, தென்னைகள் போயின, அப்பாவின் தோணியும் போனது. அதற்குப் பிறகுதான் அம்மா தைக்கத் தொடங்கினார். பின்னாளில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர், “சூறாவளி வந்தபடியாத்தானே உங்களுக்கு ஒரு தொழில் கிடைச்சது” என்று நல்லெண்ணத்தில் சொன்னார். அம்மா மெசினிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்: “மெசின் தந்தது சூறாவளி இல்ல. நான் அடகு வெச்ச தோடு.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. டெடெஸ்கி, கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பேரிடிக்குப் பின் சிலர் வளர்வதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த வளர்ச்சி இடியிலிருந்து வருவதில்லை, அதோடு மனிதர் நடத்துகிற போராட்டத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். வளர்ந்தவருக்கு வலி போய்விட்டது என்றும் சொல்லவில்லை. மகள் வாசித்துக் காட்டியபோது, “இதத்தான் அம்மம்மா தோடு எண்டு சொன்னவ” என்றேன்.

மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடக்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். பிள்ளையிடம் போய் நல்லதைப் பார் என்று சொல்லாமல், கையில் களிமண்ணைக் கொடுத்த அந்த யோசனை எனக்குப் பிடிக்கும்.

டவுனுக்குப் போகிற வழியில் சத்துருக்கொண்டான் வரும். 1990 செப்டம்பர் 9ஆம் திகதி சுற்றுக் கிராமத்துச் சனம், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்ட இடம். நினைவுத்தூபி இருக்கிறது. ஸ்கூட்டியில் அதைக் கடக்க ஒரு நொடி. சைக்கிளில் அப்படி இல்லை, தூபி வருவதும் தெரியும், முதுகுக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். அந்த இடத்தில் காற்றை ரசிக்க முடியவில்லை. எரிந்த துணிக்கு மறுபக்கம் கிடையாது. அதைப் புரட்டித் தா என்று கேட்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

எந்தத் துணி எது என்று நான் எப்போதும் சரியாகக் கணிப்பதில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு வயதான அம்மா தன் மனிசனின் சேர்ட்டைக் கொண்டு வந்தார். நீலக் கோடு, நல்ல துணி, கொலர் மட்டும் கிழிந்து தொங்கியது. நான் கேட்கக்கூட இல்லை, பிளேட்டை எடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“கொலர் கிடக்கட்டும் புள்ள. அது அவர்ர கழுத்துப் பட்ட இடம். ரெண்டாவது பொத்தான் மட்டும் விழுந்து போச்சு.”

அலுமாரியில் தொங்கவிடத்தான் அந்தச் சேர்ட் என்று அப்போதுதான் விளங்கியது. பிளேட்டை வைத்துவிட்டுப் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன். அதே அளவில், அதே மங்கிய வெள்ளையில் ஒன்று தேடி எடுக்க நேரம் பிடித்தது. அவரும் குந்தியிருந்து என்னோடு சேர்ந்து தேடினார்.