கலைவாணரின் ஜோடி மட்டுமா மதுரம்?

பழைய தமிழ்ப் படங்களில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பக்கத்தில் நின்று, ஒற்றைப் பார்வையிலேயே அவர் வாயை அடைப்பவர் டி.ஏ.மதுரம். 'என்.எஸ்.கே – மதுரம்' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். மதுரத்தைத் தனியாகப் பேசியவர்கள் குறைவு.

திருவரங்கத்துக்காரர். 1935-இல் 'ரத்னாவளி' படத்தில் அறிமுகமானார். அடுத்த ஆண்டு 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே சென்ற குழுவில் கிருஷ்ணனும் இருந்தார். பழக்கம் திருமணத்தில் முடிந்தது. அக்காலப் படங்கள் பலவற்றில் நகைச்சுவை ஒரு தனிப் பாதை. கதாநாயகன் கதைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இருக்காது. அந்தக் காட்சிகளைக் கிருஷ்ணனே தம் குழுவோடு உருவாக்கித் தருவார். மதுரம் அந்தக் குழுவின் தூண். 1941-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் இருவரும் நாயகன், நாயகியாகவே நடித்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஹாலிவுட்டில் லூப்பே வெலஸ் என்ற மெக்சிகோ நடிகை புகழ்பெற்றிருந்தார். 1939 முதல் 1943 வரை ஆர்.கே.ஓ. நிறுவனம் அவரை வைத்து 'மெக்சிகன் ஸ்பிட்ஃபயர்' வரிசையில் எட்டுப் படங்கள் எடுத்தது. அவருடைய கோபமும் கொச்சை ஆங்கிலமும்தான் அங்கே நகைச்சுவை. போகப் போக, இரட்டை வேடம் போட்ட லியோன் எரால் படத்தையே தம் பக்கம் இழுத்துக்கொண்டார். தலைப்பு லூப்பேயைக் குறித்தது. கடிவாளம் நிறுவனத்தின் கையில். 1944 டிசம்பரில், 36 வயதில் அவர் மறைந்தார்.

அதே டிசம்பரில்தான் சென்னையில் மதுரத்தின் வாழ்க்கையும் தலைகீழானது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணனும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கு நடத்தப் பணம் வேண்டும், குழுவினர் பிழைக்கவும் வழி வேண்டும். மதுரம், எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். பெயர்ப் பலகையில் கணவர் பெயர், பொறுப்பு மதுரத்துக்கு! அந்தச் சபாவின் 'பைத்தியக்காரன்' நாடகத்தைப் படமாகவும் எடுத்தார்கள்.

1947 ஏப்ரலில் கிருஷ்ணன் விடுதலையானார். படத்தில் அவருக்கு இடமே இல்லை. மதுரத்துக்கோ ஏற்கெனவே ஒரு வேடம் இருந்தது. எனவே கிருஷ்ணனுக்குப் புதிய பாத்திரம் எழுதி, அவருக்கு ஜோடியாக மதுரத்துக்கு இரண்டாவது வேடமும் கொடுத்தார்கள். நகைச்சுவை நடிகை ஒருவர் இரட்டை வேடம் போட நேர்ந்த காரணங்களில் இதைவிட விசித்திரமானதை நான் படித்ததில்லை.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நாம் பார்க்கும் தீபாவளி மேடைகளில், நகைச்சுவைப் பெண் பாத்திரம் என்றால் பெரும்பாலும் கணவனைத் திட்டும் மனைவிதான். மதுரமும் திட்டுவார். ஆனால் புருஷனை மடக்குவது அவர் குரல் அல்ல, நியாயம்.

கிருஷ்ணன் 1957-இலும் மதுரம் 1974-இலும் மறைந்தார்கள். 1948-இல் வந்த 'சந்திரலேகா' இணையத்தில் கிடைக்கிறது. எல்லாரும் முரசு நடனத்துக்காக அதைப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் வரும் சர்க்கஸ் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். மதுரம் அங்கேதான் இருக்கிறார்.