உஷார்! நிற்கும் ஊசியை நம்பிக் கையை நீட்டாதீர்கள்

மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் லாங்ஆர்ம் க்வில்டிங் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் அமெரிக்காவில் பல உண்டு. பெரும்பாலும் ஒரு பயிற்சி வகுப்பு முடித்தாலே மெஷினைக் கையில் தந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் ஒட்டுப்போட்டுச் சேர்த்த மேல்துணியை ஃப்ரேமில் ஏற்றியதும், "தையல் நீளத்தை ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று கைப்பிடியைப் பிடித்துவிடாதீர்கள். உங்களுக்கு முன் தைத்தவர் வைத்த செட்டிங் அப்படியே இருக்கலாம்!

ரெகுலேட்டருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். மெஷின் தலை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைச் சக்கரத்தோடு சேர்ந்த சென்சார்கள் அளக்கின்றன. அதற்கேற்ப மோட்டார் ஊசியை இறக்குகிறது. துணி கசங்கியிருப்பதோ, ஊசிக்கடியில் உங்கள் விரல் இருப்பதோ அதற்குத் தெரியாது.

விரல் ஜாக்கிரதை!

கை நின்றால் ஊசியும் நிற்கும் முறையைச் சில மெஷின்களில் பிரிசிஷன் என்பார்கள். அமைதியாக நிற்பதைப் பார்த்து ஊசியில் நூல் கோக்கக் குனிகிறீர்கள். முழங்கை மெஷினில் லேசாக இடித்தாலும் அது நகர்வுதான்; ஊசி உடனே இறங்கும். நூல் கோக்கும்போதும், நூல் நுனியை வெட்டும்போதும், முதலில் தையலை நிறுத்தும் பட்டனை அழுத்துங்கள். ஊசி மாற்றுவதென்றால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். சிறுபிள்ளைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

ரூலர் வைத்துத் தைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லாங்ஆர்முக்கான ரூலர் கால் இன்ச் கனம் இருக்கும். துணி வெட்டும் மெல்லிய ரூலரை வைத்தால், அது மெஷினின் பாதத்துக்கடியில் நழுவிப் போகும். ஊசி அதில் மோதி உடைந்தால் துண்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

க்ரூஸில் மூலை திரும்பாதீர்கள்!

க்ரூஸ் முறையில் கை நின்றாலும் ஊசி நிற்காது. குறைந்தபட்ச வேகத்தை நிமிடத்துக்கு 300 தையல் என்று வைத்திருந்தால், நொடிக்கு 5 தையல் விழும். இலையின் நுனியில் 2 நொடி யோசித்து நின்றால், ஒரே இடத்தில் 10 தையல் குவிந்து முடிச்சாகிவிடும். நூல் அறுந்தும் போகலாம். வளைந்து வளைந்து ஓடும் டிசைனுக்கு க்ரூஸ் நல்லது. கூர்முனை, மூலை, ரூலர் வேலைக்குப் பிரிசிஷனே வேண்டும்.

கணக்குப் போட்டு நகருங்கள்!

நிமிடத்துக்கு 1800 தையல் போடும் மெஷினில், இன்ச்சுக்கு 10 தையல் வைத்தால் நொடிக்கு 3 இன்ச் வரைதான் நகரலாம். நெருக்கமாக இருக்கட்டும் என்று 15 வைத்தால், அதுவே 2 இன்ச்சாகக் குறையும். அதைத் தாண்டி இழுத்தால் தையல் நீண்டுவிடும். மெஷினுக்கு எச்சரிக்கை ஒலி இருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். வேகமாக இழுக்கும்போது துணிக்குள் இருக்கும் ஊசி வளையும்; தட்டிலோ ஹூக்கிலோ மோதினால் ஊசி முறிவதோடு மெஷினின் டைமிங்கும் கெடும்.

பழகும்வரை இன்ச்சுக்கு 10 முதல் 12 தையல் போதும். எண்ணிக்கையைக் கூட்டினால் கையின் வேகத்தைக் குறையுங்கள்.

பக்கவாட்டில் தையல் சீராகவும், மேலும் கீழும் போகும்போது மட்டும் நீளமாகவும் விழுகிறதா? தையல் எண்ணிக்கையை மாற்றிப் பயனில்லை. அந்தத் திசையின் சென்சார் சக்கரத்தில் நூலோ பஞ்சோ சிக்கியிருக்கலாம், அல்லது சக்கரம் சரியாகப் படியாமல் வழுக்கலாம். துடைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

தொடங்கும் முன் திரையில் மூன்றைப் பாருங்கள்: எந்த முறை, இன்ச்சுக்கு எத்தனை தையல், க்ரூஸ் என்றால் குறைந்தபட்ச வேகம் என்ன. பிறகு அதே பஞ்சு வைத்த துண்டுத் துணியில் குறுக்கே, நெடுக்கே, சாய்வாக, வட்டமாகத் தைத்து, அடிப்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். வாடகை நேரம் ஓடுகிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். சோதனைக்கு 10 நிமிடம் போதும். மூன்று அடுக்கையும் கோத்துவிட்ட தப்புத் தையலைப் பிரிக்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.