செல்ஃப் எடுக்கலையா? பதறாத காரியம் சிதறாது!



நம் சேலம், நாமக்கல் பக்கம் வண்டியை நம்பித்தான் பாதி வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது யாவரும் அறிந்ததே. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட வடநாடு வரைக்கும் போகின்றன. நாமக்கல் முட்டை தினமும் கேரளாவுக்குப் போகிறது. கேஸ் டேங்கர் லாரிகளுக்கும் நம் ஊர்தான் பேர் பெற்றது.

இந்த வண்டிகளுக்கெல்லாம் நேரம்தான் காசு. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி ஓரிரு நாளில் சேகோ ஃபேக்டரியில் சேர்க்காவிட்டால் கிழங்கு கெட ஆரம்பித்துவிடும். கோழிக்குஞ்சு ஏற்றிய வண்டி வெயிலில் நின்றுவிட்டால் காற்றோட்டம் இல்லாமல் குஞ்சு செத்துப்போகும். முட்டை வண்டி லேட்டானால் டிரைவருக்குத்தான் பேச்சு விழும். அப்படிப்பட்ட நேரத்தில் சாவியைத் திருகினால் "டக் டக்" என்று சத்தம் மட்டும் வந்தால் எப்படி இருக்கும்? அப்போது என்ன செய்யணும், எந்த வரிசையில் செய்யணும், ஏன் அப்படிச் செய்யணும் என்பதே இக்கட்டுரை.

ஒன்றை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் நோட்டில் பேட்டரி படம் வரைந்த முதல் ஆள் நான்தான். ஆனால் பேட்டரியைத் தெரிந்துகொண்டதில் நான்தான் கடைசி ஆள். அப்பா லாரி டிரைவர், மாமா கிளீனராக ஏறி டிரைவர் ஆனவர். "எப்படி" என்பதை அவர்களிடம் கற்றேன், "ஏன்" என்பதை நம் வகுப்பில் கற்றேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

பேட்டரிக்குள் என்ன நடக்குது?

ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். ஆரம்ப காலத்து மோட்டார் வண்டிகளில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பணும். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. அதைத்தான் நம் ஊரில் "செல்ஃப்" என்கிறோம். அன்றிலிருந்து பேட்டரி செத்தால் வண்டியும் செத்தது என்று ஆகிவிட்டது.

ஒரு 12 வோல்ட் பேட்டரியில் 6 செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஒரு தகடு ஈயம், மற்றது ஈய டை ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு தகடுமே ஈய சல்பேட்டாக மாறும், ஆசிட் தண்ணீராகிக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றினால் இது அப்படியே திரும்பும். ஆனால் சார்ஜ் இல்லாமல் பல நாள் கிடந்தால் சல்பேட் கல்லு மாதிரி இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் திரும்பாது. வேலை இல்லாமல் மாசக்கணக்கில் நிறுத்திய ரிக் வண்டிகளின் பேட்டரி போவது இதனால்தான். வெயில் அதிகமானால் இந்தக் கெடுதல் இன்னும் வேகமாக நடக்கும்.

பேட்டரி ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காரின் இரண்டு ஹெட்லைட்டும் தலா 55 வாட் என்றால் மொத்தம் 110 வாட். 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர். 45 ஆம்பியர்-அவர் பேட்டரியாக இருந்தால் 5 மணி நேரத்தில் காலி! ராத்திரி லைட்டை அணைக்க மறந்தால் காலையில் வண்டி எழாது.

முதல் நிமிடம்: கண்ணும் காதும்

நேரம் இல்லாதபோது எல்லோரும் முதலில் செய்வது, சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவது. இருக்கிற கொஞ்ச சார்ஜும் அதில் போய்விடும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. எடுக்கவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு, லைட்டைப் போட்டுப் பாருங்கள்.

லைட்டே எரியவில்லை என்றால்: டெர்மினல் கழன்றிருக்கும், அல்லது பேட்டரி முழுக்க டவுன்.

லைட் எரிகிறது, செல்ஃப் அடித்ததும் மங்கிப்போய் "டக் டக் டக்" என்கிறது என்றால்: பேட்டரி வீக், அல்லது டெர்மினலில் அழுக்கு.

லைட் மங்காமல் பளிச்சென்று எரிகிறது, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்கிறது என்றால்: பெரும்பாலும் கோளாறு செல்ஃப் மோட்டாரில் அல்லது சாலினாய்டில். பேட்டரியை மாற்றினால் காசுதான் நஷ்டம்.

செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் மட்டும் பிடிக்கலை என்றால்: பேட்டரியை விட்டுவிட்டு டீசல் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் நிமிடம்: டெர்மினல்

"கண்ணு, மொதல்ல டெர்மினல ஆட்டிப் பாரு. அப்புறமா பேட்டரியத் திட்டு" என்பார் அப்பா. இதற்குக் காரணம் ஓம் விதியில் இருக்கிறது. லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும். ஆனால் கார் செல்ஃபுக்கு 100, 200 ஆம்பியர் வேண்டும், லாரிக்கு அதற்கும் மேல். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி 0.05 ஓம் தடை கொடுத்தாலே, 100 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட் அங்கேயே போய்விடும். அதனால்தான் லைட் எரியும், செல்ஃப் எடுக்காது.

கிளாம்பைக் கழற்றி, உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டினால் பல வண்டிகள் அங்கேயே கிளம்பிவிடும். பூத்த பொடியைக் கரைக்கச் சுடுதண்ணியோ ஆப்ப சோடா கரைத்த தண்ணியோ போதும், அது செல்லுக்குள் மட்டும் போகக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஏன் தெரியுமா? மைனஸ்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது. மைனஸைக் கழற்றாமல் பிளஸ்ஸில் ஸ்பேனர் போட்டு, அது பாடியில் பட்டால் ஷார்ட். ஸ்பேனரே பழுத்துவிடும்!

மீட்டர் கையில் இருந்தால்

நம்மிடம் மல்டிமீட்டர் இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எஞ்சின் ஓடாமல் கொஞ்ச நேரம் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.2 இருந்தால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் கால் பங்குகூட இல்லை. சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5-லேயே நின்றால் ஒரு செல் போயிடுச்சு என்று அர்த்தம் (5 × 2.1 = 10.5). அதை எப்படியோ கிளப்பினாலும் அடுத்த இடத்தில் நின்றுவிடும்.

பத்து நிமிடம்: கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது

இரண்டு வண்டியின் சாவியும் லைட்டும் ஆஃப். வண்டிகள் ஒன்றோடொன்று தொடக் கூடாது. வரிசை இதுதான்:

1. சிவப்பு கேபிள் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. மறு முனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கேபிள் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில்.
4. மறு முனை செத்த வண்டியின் எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி.

நல்ல வண்டியை 5 நிமிடம் ஓட விட்டு, பிறகு செத்த வண்டியில் செல்ஃப் அடியுங்கள். கிளம்பியதும் இதே வரிசையைத் தலைகீழாகக் கழற்றணும்.

நாலாவது முனையை ஏன் நேரே பேட்டரி மைனஸ்ஸில் போடக் கூடாது? கடைசி இணைப்பில் தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலே பற்றி வெடிக்கும். பொறியும் வாயுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவசரத்துக்கு வீட்டு ஒயரைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 3 மீட்டர் நீளம். தடை 0.0172 × 3 ÷ 2.5 = 0.0206 ஓம். இரண்டு ஒயருக்கும் சேர்த்து ஏறத்தாழ 0.041 ஓம். 150 ஆம்பியர் ஓடணும் என்றால் ஒயரிலேயே 6 வோல்ட்டுக்கு மேல் போய்விடும்! செல்ஃபுக்கு மிச்சம் பாதிதான். ஒயரும் சூடாகி உருகும். அதுவே 25 சதுர மி.மீ. கேபிள் என்றால் இழப்பு 0.6 வோல்ட் மட்டும். கடையில் விற்கும் மெல்லிசான கேபிளை வாங்கும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து: 24 வோல்ட்

நம் ரோட்டில் கார் நின்றால் உதவிக்கு முதலில் நிற்பது ஒரு லாரிக்காரராகத்தான் இருக்கும். மனசு பெரிசு. ஆனால் பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. அதை அப்படியே 12 வோல்ட் காரில் கொடுத்தால் கம்ப்யூட்டர், பல்பு எல்லாம் போகும், பேட்டரியே வெடிக்கலாம். சின்ன சரக்கு வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். தோற்றத்தை நம்பாமல் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்.

லாரியின் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுப்பார்களே என்றால், எடுப்பார்கள்தான். அதற்கு லாரி எஞ்சின் ஆஃபில் இருக்கணும், எர்த் ஆகியிருக்கும் பேட்டரியில்தான் எடுக்கணும். மேல் பேட்டரியில் எடுத்து, இரண்டு வண்டியின் பாடியும் தொட்டுவிட்டால் கீழ் பேட்டரி முழுசா ஷார்ட். எனவே அனுபவம் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலை வேண்டாம். லாரிக்கு லாரி என்றால் 24-க்கு 24 கொடுக்கலாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

பழைய டீசல் வண்டிக்குத் தள்ளுவது நல்ல வழி. மெக்கானிக்கல் பம்ப் என்பதால் எஞ்சின் சுற்றினாலே டீசல் போகும். சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்சை மிதித்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் பிடித்துவிடும். பேட்டரி வீக் என்று தெரிந்தால் மேட்டில் நிறுத்திவைக்கும் டிரைவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் புது வண்டிகள் வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் டீசல் அளவைத் தீர்மானிப்பதே கம்ப்யூட்டர்தான். பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது. முக்கியமாக, எஞ்சின் ஓடாத லாரியில் காற்று ஏறாது. இருக்கிற காற்று தீர்ந்தால் பிரேக்கும் சரியாக இருக்காது. இறக்கத்தில் உருட்டும் முன் ஏர் கேஜைப் பார்க்கணும்.

கண் ஒன்று போனால்...

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது, ராத்திரி நேரம், லோடு வண்டி காத்திருக்கிறது என்று அவசரம். செல்லில் தண்ணி இருக்கா என்று பார்க்க லைட்டரைப் பற்ற வைத்தார். பேட்டரி வெடித்து ஒரு கண் போய்விட்டது. அந்த லோடு மறுநாள் வேறு வண்டியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கண் திரும்பவில்லை.

எனவே பேட்டரிப் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி, லைட்டர் கூடாது. குனிந்து முகத்தை மேலே வைத்துப் பார்க்கக் கூடாது. கையில் உள்ள மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீரை 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, அப்புறம்?

கிளம்பியதும் முதல் டீக்கடையில் வண்டியை ஆஃப் பண்ணினால் கதை மறுபடியும் ஆரம்பம். 100 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதி இறங்கியிருந்தால் 50 திரும்ப ஏறணும். டைனமோ சராசரி 20 ஆம்பியர் கொடுத்தாலும் இரண்டரை மணி நேரம். நாமக்கல்லில் இருந்து சேலம் ஒரு மணி நேர ஓட்டம், அதில் பாதிகூட ஏறாது. ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை மீட்டர் காட்டணும், 24 வோல்ட்டில் அதைப்போல் இரு மடங்கு. காட்டவில்லை என்றால் டைனமோவையும் பெல்ட்டையும் பார்க்கணும், புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். தண்ணி ஊற்றும் பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணி வேண்டாம்.

முடிவுரை

நண்பர்களே! அவசரத்தில் நாம் மிச்சம் பிடிக்க நினைக்கும் இரண்டு நிமிடம்தான் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தைத் தின்கிறது. முதலில் பார், பிறகு டெர்மினல், பிறகு மீட்டர், அதற்குப் பிறகுதான் கேபிள். இந்த வரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் நடுரோட்டிலும் கை நடுங்காது.

நாலாவது முனையை ஏன் எஞ்சினில் போடணும் என்று வீட்டில் படம் போட்டுக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா பேட்டரியிலயே போட்டுட்டிருந்தோம், சாமி" என்றார். மறுநாள் மாமாவுக்கும் ஃபோனில் சொல்லிவிட்டார். நம் வீடுகளிலும் தெருக்களிலும் ஸ்பேனர் பிடிக்கும் கைகள் எத்தனையோ இருக்கின்றன. நாம் வகுப்பில் படிக்கும் "ஏன்" அந்தக் கைகளுக்கும் போய்ச் சேரட்டும்!