இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கார்

"மாமா, ஒரு காடி பார்த்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை நீங்க வந்து பார்த்துச் சொல்லணும்."

என் அக்காள் மகன் இப்படிச் சொன்னபோது, பழைய வீராவோ மைவியோ பார்த்திருப்பான் என்றுதான் நான் எண்ணினேன். அவன் கைத்தொலைபேசியை நீட்டினான். சிவப்பு நிறத்தில் தரையோடு தரையாக ஒரு சின்னக் கார். மேலே கூரை இல்லை. உள்ளே இரண்டே இருக்கைகள். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அக்காள், "மத்தவங்க எங்கே உட்கார்றது?" என்று கேட்டாள். பையன் பதில் சொல்லவில்லை.

அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அடுத்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் பேச்சு நடந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். நாலு காசு சேர்ந்ததும் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் மீது கண் போகிறது. இந்த வீட்டில் நடந்தது நாளை உங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்பதால், ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். நான் இருபது ஆண்டுக் காலம் கார்ப் பட்டறையில் கை கறுக்க உழைத்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்வதில் தவறில்லை அல்லவா?

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஸ்டா நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 அது. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பழைய ஆங்கிலேயர் காலத்துத் திறந்த கார் போல எளிமையாக ஒன்றைச் செய்யுங்கள் என்று மஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் சொன்னதில்தான் இந்தக் காரின் கதை தொடங்குகிறது. எஞ்சின் முன்னால் இருக்கும், தள்ளுவதோ பின்சக்கரம். 1597 சி.சி. எஞ்சின், ஜப்பானியக் கணக்கில் 120 குதிரை சக்தி. இது பெரிய சக்தி அல்ல. ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஆகையால் சொன்னபடி திரும்பும், சொன்னபடி நிற்கும். முகப்பு விளக்குகள் தவளைக் கண் போல மேலே எழும். 1993-இல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. இந்த முதல் தலைமுறை 1997 வரை ஓடியது. பிறகு அடுத்தடுத்த தலைமுறைகள் வந்து, 2016-இல் மொத்த எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தொட்டது. உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கைத் திறந்த கார் என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்திருக்கிறது.

ஆகவே, பையன் ஏதோ குப்பையைப் பார்த்து மயங்கிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. நானே பட்டறையில் ஒரு முறை அதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இறங்க மனம் வரவில்லை.

அவனுடைய ஆசையை நான் கேலி செய்யவும் மாட்டேன். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்தில் கார் என்றால் துரையின் கார், பெரிய கிராணியின் கார், அவ்வளவுதான். துரை கார் வரும் சத்தம் கேட்டால் சடக்கு ஓரமாக ஒதுங்கி நிற்போம். செம்மண் தூசி அடங்கும் வரை கண்ணைத் திறக்க முடியாது. அப்படி ஒதுங்கி நின்றவர்களின் பேரன், தன் சொந்தக் காசில் ஒரு கார் வாங்குகிறேன் என்கிறான்.

ஆனால் வீட்டு நிலைமை வேறு. அத்தானுக்கு வருகிற ஆண்டு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பட்டணத்துப் பக்கம் மலிவு விலை வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்ட வேண்டிய நேரம் இது. அக்காளுக்கு முழங்கால் வலி. மாதம் ஒரு முறை அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். பையனிடம் இருந்தது 28,000 வெள்ளி. கார்க்காரர் கேட்டதோ 45,000. மீதிக்கு ஊழியர் சேமநிதியில் கை வைக்கலாம் என்பது அவன் கணக்கு. 2024 மே மாதம் முதல் சேமநிதியில் மூன்றாவதாக ஒரு கணக்கு வந்திருக்கிறது. மாதாமாதம் போடும் பணத்தில் நூற்றுக்குப் பத்து அதில் சேரும்; எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம்தான். ஆனால் அது திடீர்ச் செலவுக்கென்று விட்ட வாசல். அந்த வாசல் வழியாகக் கார் வாங்கப் போனால், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எந்த வாசல் வழியாகப் போவது?

வங்கிக் கடன் கிடைக்காதா என்று கேட்பீர்கள். முப்பது வயது தாண்டிய காருக்குப் பொதுவாக எந்த வங்கியும் வாடகைக் கொள்முதல் கடன் தருவதில்லை. காசைக் கையில் வைத்து எண்ணிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் சிலர் கூட்டுப் பணம் எடுக்கிறார்கள். சிலர் ஆலோங்கிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு விளையாட்டுக் காருக்காக ஆலோங் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போன கதை எனக்குத் தெரியும். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

ஞாயிறன்று கூலிமிலிருந்து ஈப்போவுக்குப் போனோம். கையில் ஒரு டார்ச் லைட், துணி சுற்றிய ஒரு காந்தம், ஒரு பழைய துண்டு. பழைய கார் பார்க்க இவை போதும்.

வீட்டு வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. பையன் எஞ்சினைத் திறக்கப் போனான். நான் கீழே துண்டை விரித்துப் படுத்தேன். வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வயதுக் கார்களில் எஞ்சினைவிட உடம்புதான் முக்கியம். எஞ்சினை இறக்கி ஏற்றலாம். மாற்று எஞ்சின் கிடைக்கும். உடம்பு துருப்பிடித்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. எம்.எக்ஸ்.-5இல் கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள இடம், துருவுக்குப் பிறந்த இடம். துணிக்கூரையில் விழும் மழைநீர் இறங்குவதற்கு இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் துவாரம் உண்டு. இலை, தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தங்கி, உள்ளிருந்தே தகடு அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம் ஊர் மழையைச் சொல்ல வேண்டுமா?

காந்தத்தை அந்த இடத்தில் வைத்தேன். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. அதாவது அங்கே இரும்பு இல்லை; பூட்டியை அப்பி, மேலே சாயம் அடித்திருக்கிறார்கள். இருக்கைக்குப் பின்னால் கம்பளத்துக்கு அடியில் கை விட்டேன். ஈரம்.

எஞ்சின் பக்கம் போனேன். ரேடியேட்டரின் மேல் பகுதி பிளாஸ்டிக். கறுப்பாக இருக்க வேண்டியது பழுப்பேறிக் கிடந்தது. அது வெடிக்கப் போகிறது என்பதற்கு அடையாளம். இது பெரிய செலவில்லை, ஆனால் பாதி வழியில் வெடித்தால் எஞ்சின் வெந்துபோகும். எஞ்சின் கிளம்பியதும் மேலே "டிக், டிக்" என்று சத்தம் வந்தது. பையன் முகம் வாடியது. அதற்கு நான் பயப்படவில்லை. இந்த எஞ்சினில் அது சகஜம். நல்ல எண்ணெய் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். கிளட்சுக்குக் கீழே உள்ள சிறிய உருளை ஒழுகியது. அதுவும் சில்லறை வேலை. டைமிங் பெல்ட்டை நூறாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்காது என்பது ஒரு புண்ணியம்.

1991-ஆம் ஆண்டுக்கு முந்திய 1.6 வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அவற்றில் கிராங்குத் தண்டின் மூக்கு குட்டையாக இருக்கும். முன்னால் உள்ள புல்லி நாளடைவில் ஆட்டம் கொடுத்து, தண்டையே பாழாக்கிவிடும். புல்லியின் முகத்தில் நாலு துவாரம் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. எஞ்சின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டார்ச்சை எஞ்சின் எண் மீது அடித்தேன். பதிவுப் பத்திரத்தில் 1597 சி.சி. என்று இருந்தது. அப்படியானால் எண் 'பி 6' என்று தொடங்க வேண்டும். அங்கே வெட்டியிருந்ததோ 'பி பி'. அதாவது 1.8 எஞ்சின். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரும் 'ஹாஃப் கட்' கடையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பத்திரத்தை மாற்றவில்லை.

"எல்லாரும் இப்படித்தான் அண்ணே ஓட்டுறாங்க," என்றார் விற்பவர். மரியாதையான மனிதர்தான். தேத்தண்ணீர் கூடக் கொடுத்தார்.

எல்லாரும் ஓட்டலாம். ஆனால் பெயர் மாற்றுவதற்கு முன் வண்டி பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். எண்ணை மாற்றிப் பதிய வழி உண்டு. எஞ்சின் எங்கே வாங்கியது என்பதற்கு ஆவணம் வேண்டும். அவரிடம் அது இல்லை. தீபகற்பத்தில் 1.6 காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 90 வெள்ளி, 1839 சி.சி.க்கு 299 வெள்ளி 50 காசு. வரி கூட பெரிதில்லை. விபத்து நடந்தால், சொல்லாமல் மாற்றிய எஞ்சின் என்று காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். இந்த வயது வண்டிக்கு முழுக் காப்புறுதி கிடைப்பதே கஷ்டம். பலருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைக்கிறது. அப்படியானால் வண்டி திருடு போனால் 45,000 வெள்ளியும் போனது போனதுதான்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். "கடன் பாக்கி இருக்கு, நீங்க தொடர்ந்து கட்டிக்குங்க" என்று 'சம்போங் பாயார்' முறையில் வண்டி கொடுக்க வருபவர்கள் உண்டு. கொஞ்சம் புதிய ஸ்போர்ட்ஸ் கார்களை இப்படித்தான் தள்ளிவிடுகிறார்கள். வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். மாதம் தவறாமல் நீங்கள் கட்டினாலும் வண்டி உங்கள் பெயருக்கு வராது. யார் எவ்வளவு நைசாகப் பேசினாலும் கிட்டே போகாதீர்கள்.

திரும்பி வரும் வழியில் பையன் தைப்பிங் வரை வாய் திறக்கவில்லை. பிறகு, "நல்ல உடம்பா, நல்ல பேப்பரா இருந்தா வாங்கலாமா மாமா?" என்றான்.

அன்று இரவு லயத்து வாசலில் உட்கார்ந்து பேசினோம். அக்காள் தன் பழைய கேள்வியையே கேட்டாள். செம்பனை லாரி போன பள்ளத்தில் அந்தக் கார் வயிறு இடிக்காமல் எப்படி வரும் என்றும் கேட்டாள். அது நியாயமான கேள்வி. எந்த மெக்கானிக்கும் அதற்கு மேல் கேட்க முடியாது. ஆரம்ப காலத்து வண்டிகள் பலவற்றில் காற்றுப்பை கிடையாது, ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும் என்பதை நானும் சொன்னேன்.

அத்தான்தான் என்னை வியக்க வைத்தார். "மச்சான், 1983-லே நான் தவணையிலே ஹோண்டா மோட்டார் வாங்கினப்போ எங்கப்பா ஒரு மாசம் என்கிட்டே பேசலே. பால்வெட்டுக்குப் போறவனுக்கு மோட்டார் எதுக்குன்னு கேட்டாரு. அதே மோட்டார்லேதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அதுவும் ரெண்டு பேர் வண்டிதானே?"

"ரெண்டு பேரா? முன்னாடி ஒண்ணு, நடுவிலே ஒண்ணுன்னு நாலு பேர் போனோம்," என்றாள் அக்காள். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு அத்தான் சொன்னார்: "அவன் சம்பாதிச்ச காசு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலே. வீட்டுக்கு முன்பணம் மட்டும் கட்டிடணும்."

என் கருத்தையும் கேட்டார்கள். வீட்டில் நாலு பேர் ஏறும் வண்டி ஒன்று முதலில் இருக்க வேண்டும். இது இரண்டாவதாகத்தான் வரலாம். கடன் வாங்கி வாங்கக் கூடாது. காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகே விலை பேச வேண்டும். முதல் ஆண்டிலேயே டயர், ரேடியேட்டர், பெல்ட், ரப்பர் புஷ், துணிக்கூரை என்று அது போய்விடும். சாமான் கிடைக்காது என்ற பயம் மட்டும் வேண்டாம். எஞ்சின் சாமான் பலவும் அந்தக் காலத்து மஸ்டா 323, ஃபோர்டு லேசர் குடும்பத்தோடு ஒட்டியவை. மஸ்டாவே 2017 முதல் ஜப்பானில் இந்தப் பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தருவதோடு, நின்றுபோன சாமான்கள் சிலவற்றை மறுபடியும் செய்து விற்கிறது. வெளியிலிருந்து தருவிக்கக் காசும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

பையன் கேட்டுக்கொண்டான். மறு மாதம் வீட்டுக்கு 12,000 வெள்ளி முன்பணம் கட்டினான். 8,000 வெள்ளிக்கு நாலு கதவுள்ள பழைய கார் ஒன்று அம்மாவுக்காக வாங்கினான். அதையும் நான்தான் படுத்துப் பார்த்தேன். அக்காள் முன்னால் உட்கார்ந்து, கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறாள். சேமநிதிப் பணத்தை அவன் தொடவில்லை.

போன வாரம் மறுபடியும் தொலைபேசி வந்தது. பினாங்கில் ஒரு வண்டியாம். 1.6, எட்டுத் துவாரப் புல்லி, பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதாம். விலை அதிகம்தான், இன்னும் ஒன்றரை வருடம் சேர்த்தால்தான் முடியும் என்று அவனே சொல்கிறான். "சும்மா பார்த்துட்டு மட்டும் வருவோம் மாமா. காந்தத்தை மறக்காம எடுத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.