அடுப்பு வந்தது, விறகு போகவில்லை!

மளிகைக் கடையில் 10 ரூபாய்க்குப் பருப்பு வாங்கலாம். 100 மில்லி எண்ணெய் வாங்கலாம். கூலிக்காரர் வீட்டுச் சாமான் அன்றன்றைக்கு இப்படித்தான் வந்து சேருகிறது.

கால் சிலிண்டர் கேஸ் யாராவது கொடுப்பார்களா? 5 கிலோ சிலிண்டர் உண்டு. அதற்கும் சில நூறு ரூபாய் மொத்தமாக வேண்டும்.

ஏழைப் பெண்கள் பெயரில் கேஸ் இணைப்பு கொடுக்கும் "உஜ்வலா" திட்டத்தை மத்திய அரசாங்கம் 2016 மே 1ந் தேதி தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுத்தாகிவிட்டது. பிறகு அது 10 கோடியையும் தாண்டியது. டெபாசிட் கட்டவேண்டியது இல்லை. இது சின்னக் காரியம் அல்ல.

ஆனால், முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு?

ஆண்டுக்கு மூன்று!

ஐந்து பேர் உள்ள வீட்டில் கேஸில் மட்டும் சமைத்தால், ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வந்தால் பெரிது. ஆண்டுக்கு 8 வேண்டும். உஜ்வலா வீடுகள் 2019-20ல் வாங்கியது சராசரியாக 3தான்! 2023-24ல் அது ஏறக்குறைய 4 ஆயிற்று.

மீதி நாட்களில் விறகுதான்.

2022ல் சிலிண்டர் விலை 1,000 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு இந்த வீடுகளுக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். 2023 அக்டோபரில் அது 300 ஆயிற்று. நல்லதுதான். ஆனால் முதலில் முழு விலையையும் எண்ணிக் கொடுக்கவேண்டும். மானியம் பிறகுதான் பாங்கிக் கணக்குக்கு வரும். அத்தனை ரூபாய் கையில் சேரும் நாளில், கடைக்காரரின் பழைய பாக்கியும் வாசலில் வந்து நிற்கும்!

விறகு இலவசமா?

இராமநாதபுரம் பக்கத்தில் சீமைக் கருவேல முள்ளை வெட்டக் காசு வேண்டாம். அரிவாள் போதும். ஆனால் நடந்து போய், வெட்டி, கட்டி, தலையில் சுமந்து வர அரை நாள் ஆகிவிடும். அரை நாள் கூலி போயிற்று! அதை யாரும் கணக்கில் எழுதுவது இல்லை. வீட்டு ஆண்களும்தான்.

பட்டணத்துக் குடிசையில் முள்ளும் கிடைக்காது. உடைந்த பெட்டிப் பலகை, கட்டிட வேலை நடக்கும் இடத்து மரத்துண்டு எல்லாம் அடுப்புக்குப் போகின்றன.

புகையோ நெஞ்சையும் கண்ணையும் கெடுக்கிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020ல் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டு இருக்கிறது. பிள்ளைகளும் அதில் உண்டு.

இது பெண்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் கேஸை நகை போல் செலவு செய்கிறார்கள். பள்ளிக்கூட அவசரத்துக்கு கேஸ். விருந்தாளிக்குக் காப்பி போட கேஸ். சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் விறகு.

ஐப்பசி நெருங்கினால், கடன் வாங்கியாவது ஒரு சிலிண்டரை நிரப்பி மூலையில் வைக்கிறார்கள். ஈர விறகு எரியாது அல்லவா?