நாற்பது நிமிடப் பாடம்

2004ஆம் ஆண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே அப்போது தொடக்கப்பள்ளி என்றால் எட்டாம் வகுப்பு வரை இருந்தது. எட்டாவது படிப்பவர்களில் பலருக்குப் பதினைந்து வயதாகியிருக்கும். அந்த வகுப்புக்கு ஒரு தொண்டு நிறுவன ஊழியர் வருகிறார். முதலில் பெயர் எழுத வேண்டாத ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். பிறகு பத்து நிமிடம் ஒரு படம் ஓடுகிறது. பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்து வளைக்கப் பார்க்கும் வயதில் மூத்த ஆணைப் பற்றிய கதை. இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே 'ஷுகர் டாடி' என்று பெயர். படம் முடிந்ததும் வகுப்பே பேசுகிறது: இந்த ஆட்களிடம் பெண்கள் ஏன் போகிறார்கள், அவர்கள் என்ன கொடுக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள்.

கடைசியாக ஊழியர் கரும்பலகையில் சில எண்களை எழுதுகிறார். அந்த வட்டாரத்தின் பெரிய நகரமான கிசுமுவில் எந்த வயதினரில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்ற கணக்கு அது. 15 முதல் 19 வயதுப் பையன்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேர். 25 வயதைத் தாண்டிய ஆண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல்.

மொத்தம் நாற்பது நிமிடம். ஊழியர் கிளம்பிப் போய்விட்டார். மறுபடி வரவில்லை.

இந்தப் பாடம் ஓர் ஆய்வின் பகுதி. ஆய்வில் இருந்த 328 பள்ளிகளில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 71 பள்ளிகளில் மட்டும் அது நடந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பாடம் நடக்காத பள்ளிகளைவிட அங்கே பெண்கள் கர்ப்பமாவது 28 சதவீதம் குறைந்திருந்தது. தம்மைவிட ஐந்து வயதுக்கு மேல் மூத்த ஆண்களால் கர்ப்பமாவது பாதிக்கும் கீழே போயிருந்தது. பாஸ்கலின் டுபா என்ற பொருளாதார அறிஞர் 2011இல் இந்த முடிவுகளை வெளியிட்டார். வளரிளம் பருவத்தினரின் பாலியல் கல்வி பற்றி ஆண்டுதோறும் வந்து குவியும் ஆய்வுகளில் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பது இதுதான். 

அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கென்ய அரசிடம் எய்ட்ஸ் தடுப்புப் பாடத்திட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இதே 328 பள்ளிகளில் பாதிக்கு, 2003இல், அதை நடத்த ஆசிரியர்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். பாடத்தின் சாரம் ஒரே வரி: கல்யாணம் வரை உடலுறவு வேண்டாம். ஆணுறை பற்றிப் பேச்சில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வகுப்பில் எய்ட்ஸ் பற்றி முன்பைவிட அதிகமாகவே பேசினார்கள். கர்ப்பமாகும் பெண்களின் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. அசைந்தது வேறொன்று: அந்தப் பள்ளிகளில் கர்ப்பமான பெண்கள், குழந்தைக்குக் காரணமானவனையே கட்டிக்கொள்வது கூடியிருந்தது. கல்யாணம்தான் பாதுகாப்பு என்று பாடம் சொன்னது. பெண்கள் அதைச் சரியாகவே கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் இதன் நியாயம் புரியும். கூடப் படிக்கும் பையனிடம் காசு கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் அவன் ஓடிவிடுவான், அல்லது அவன் வீட்டார் ஓட வைப்பார்கள். முப்பது வயதுக்காரருக்கு வேலை இருக்கிறது. துணி, சோப்பு, கைச்செலவு எல்லாம் வாங்கித் தர முடியும். தேவைப்பட்டால் தாலி கட்டும் நிலையிலும் இருப்பவர். இருவருமே ஆபத்து என்றுதான் பள்ளிக்கூடம் சொல்கிறது. எல்லா ரோட்டிலும் 'அபாயம்' என்று பலகை நட்டால் பள்ளம் எந்த ரோட்டில் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அவள் மற்றதை வைத்து முடிவெடுக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் போன ஒரே தகவல், நிலையான மனிதராகத் தெரியும் அந்த மூத்தவரிடம்தான் கிருமி இருக்க வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது. கரும்பலகையில் எழுதியது அதைத்தான்.

இந்த முடிவில் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நெருடலான ஒரு பகுதியும் உண்டு. மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளே சொன்ன தகவல்களைப் பார்த்தால், மூத்த ஆண்களை விட்டு விலகிய பெண்களில் ஒரு பகுதியினர் தம் வயதுப் பையன்களோடு பழகினார்கள், ஆணுறை பயன்படுத்தினார்கள். ஒழுக்கத்தை மட்டும் அளவுகோலாக வைப்பவர்களுக்கு இது தோல்வி. பள்ளியை விட்டு நிற்காமல், கிருமி தொற்றாமல் பதினாறைக் கடந்த பெண்ணை எண்ணுபவர்களுக்கு வெற்றி. நான் இரண்டாவது கட்சி.

'பிள்ளைகள் சொன்ன தகவல்' என்றேன். இந்தத் துறையின் பெரிய தலைவலியே அதுதான். இந்த விஷயத்தில் யாரும் உண்மையை அப்படியே சொல்வதில்லை. அமெரிக்காவில் கல்யாணம் வரை கன்னித்தன்மை காப்போம் என்று சத்தியம் செய்யும் இயக்கம் ஒன்று பெரிதாக நடந்தது. சத்தியம் செய்தவர்களை ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டபோது, அவர்களில் 82 சதவீதம் பேர் அப்படியொரு சத்தியமே செய்ததில்லை என்றார்கள்! 2009இல் வெளியான அந்த ஆய்வில், சத்தியம் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உடலுறவு விஷயத்தில் வேறுபாடு இல்லை. கருத்தடை, ஆணுறை விஷயத்தில்தான் வேறுபாடு. சத்தியம் செய்தவர்கள் அவற்றைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். இப்படிச் சொல்வதை நம்ப முடியாது என்பதால்தான் கென்ய ஆய்வில் பேச்சை விட்டுப் பிரசவத்தை எண்ணினார்கள். ஆய்வுக் குழுவினர் முன்னறிவிப்பில்லாமல் பள்ளிக்குப் போவார்கள், பெயர்ப்பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்து, இந்தப் பெண் வருகிறாளா, கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்று உடன் படித்தவர்களிடம் கேட்பார்கள். கிராமத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்பது வகுப்புக்கே தெரிந்திருக்கும்.

அதே பள்ளிகளில் இன்னொரு சோதனையும் ஓடியது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் (பிற்பாடு 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள்) ஆகியோரும் டுபாவும் சேர்ந்து நடத்தியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை. பாலியல் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மூன்று ஆண்டுகளில், பள்ளியை விட்டு நின்ற பெண்கள் 19 சதவீதத்திலிருந்து 16 ஆனார்கள். கர்ப்பமானவர்கள் 16இலிருந்து 13. சட்டை கொடுத்ததில் கர்ப்பம் குறைந்தது என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் படிப்பு தொடர வழி கிடைத்தவளுக்குக் கல்யாணமும் குழந்தையும் தள்ளிப்போட வேண்டிய காரியம் ஆகிவிடுகின்றன.

ஏழு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது கதை சிக்கலானது. சீருடை மட்டும் பெற்றவர்களிடம் ஹெர்பீஸ் என்ற பால்வினை நோய் குறையவில்லை. சீருடையோடு அரசின் எய்ட்ஸ் பாடமும் பெற்றவர்களிடம் அது குறைந்திருந்தது. ஆனால் அவர்களிடம் கர்ப்பம் அந்த அளவுக்குக் குறையவில்லை. கர்ப்பத்தைத் தடுப்பதும் நோயைத் தடுப்பதும் ஒரே மருந்தில் தீரும் காரியம் அல்ல.

பாலியல் கல்விக்காகக் குரல் கொடுப்பவர்களும் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எட்டுப் பெரிய சோதனைகளை, ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றவற்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2016இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. வகுப்பறைப் பாடம் மட்டும் எச்.ஐ.வி.யையோ மற்ற பால்வினை நோய்களையோ குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அறிவு கூடுகிறது, மனப்போக்கு மாறுகிறது. உடலில் அளக்கும்போது பலன் மங்கிவிடுகிறது. பக்கத்தில் பிள்ளைகள் கூசாமல் போகக்கூடிய மருத்துவமனை இல்லை, கையில் ஆணுறை இல்லை என்றால் பாடம் காற்றோடு போகும்.

இன்னொரு பக்கத்தின் பெரிய பயத்துக்கும் விடை கிடைத்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயம். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலுக்காக 22 தொகுப்பாய்வுகளையும் 77 குலுக்கல்முறைச் சோதனைகளையும் அலசினார்கள். பாலியல் கல்வி உடலுறவைக் கூட்டுவதாகவோ, சீக்கிரம் தொடங்க வைப்பதாகவோ தெரியவில்லை. சொல்லாமல் விடுவதும் காப்பாற்றவில்லை. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உத்தரவுப்படி நடந்த மதிப்பீட்டில், 'வேண்டாம்' என்று மட்டும் கற்ற பிள்ளைகளும் கற்காத பிள்ளைகளும் முதல் உறவு கொண்ட சராசரி வயது ஒன்றே: 14.9.

அதே 2007இல் இந்தியாவில் நடந்தது வேறு கதை. மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. நம்முடைய பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பது அன்று எதிர்த்தவர்களின் வாதம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்ததாகச் சொல்கிறது. எச்.ஐ.வி. பற்றி முழுமையாக அறிந்த பெண்கள் ஐந்தில் ஒருவர்தான்.

இந்தியாவிலிருந்து வந்த சான்றுகளில் முக்கியமானது பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் கிடைத்தது. 74 அரசுப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பு. 2018இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இது பாலியல் கல்வி மட்டுமல்ல. மனநலம், வன்முறை, ஆண் பெண் சமத்துவம் எல்லாம் சேர்ந்த பள்ளி நலத்திட்டம். சில பள்ளிகளில் அதை ஆசிரியர் நடத்தினார். சில பள்ளிகளில் உள்ளூரிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த ஒருவர், 'சேஹர் மித்ரா' என்ற பெயரில், அதற்கென்றே இருந்தார். சுவர்ப் பத்திரிகை நடத்தினார், தனியாக வந்து பேசுபவர்களுக்கு நேரம் ஒதுக்கினார், பேர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார்.

எட்டு மாதத்தில் மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு, கேலி, அடிதடி குறைந்தன. பாலியல் நலம் பற்றிய அறிவு கூடியது. அதே பொருளை ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் எந்தப் பலனும் தெரியவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. காலையில் கணக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துத் திட்டியவரிடம், மதியம் மாதவிடாய் தள்ளிப்போனதைப் பற்றி எந்தப் பெண் கேட்பாள்? தூக்கத்தில் விந்து வெளியானதைப் பற்றி எந்தப் பையன் கேட்பான்? கேட்டால் அது ஸ்டாஃப் ரூமுக்குப் போகாது என்று அவர்களுக்கு யார் உத்தரவாதம் தருவது?

2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு போக்சோ வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது தவறான எண்ணம் என்று குறிப்பிட்டு, முழுமையான பாலியல் கல்வியைப் பற்றி அரசு யோசிக்கச் சொன்னது. திட்டம் ஏட்டில் இல்லாமல் இல்லை. 2020இல் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டம் தொடங்கியது. பதினொரு தலைப்புகளில் இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும் ஒன்று. வாரம் ஒரு வகுப்பு. நடத்த வேண்டியவர்கள், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்! நாலந்தாவில் பலிக்காத வழியையே நாடு முழுவதும் பரப்பியிருக்கிறோம். தலைப்பை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆளை மாற்றுங்கள், அல்லது கூட ஒருவரைப் போடுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு இதையும் கேளுங்கள்: அந்த வகுப்பு நம் பள்ளியில் நடக்கிறதா, யார் எடுக்கிறார்கள், பிள்ளைகள் பேர் போடாமல் கேள்வி கேட்க வழி இருக்கிறதா?