மிளகுக்கு என்று ஒரு குழி
தாவரமும் வேதியியலும் – 12

சென்ற வாரம், மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1819இல் பிரித்தெடுத்ததைப் பார்த்தோம். நூறு கிராம் கருமிளகில் பெரும்பாலும் 4 முதல் 9 கிராம் வரை பைப்பரின் இருக்கும். அவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் பொருளை எடுக்க ஆல்கஹாலும் பொறுமையும் போதும்.

ஆனால் தாவரம் ஒரு மூலக்கூறைத் தனியாகச் செய்வது அரிது. மஞ்சளில் குர்குமினோடு இன்னும் இரண்டு சேர்மங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் வேறுபாடு ஒன்றிரண்டு மெத்தாக்சி தொகுதிகள்தான். மூன்றுமே மஞ்சள் நிறம், மூன்றுமே ஒரே கரைப்பானில் கரையும். மிளகின் கதை இன்னும் கடினம். வெளிச்சம் பட்டால் பைப்பரினின் வளைவு மாறி, காரமற்ற வேறு வடிவங்கள் உண்டாகின்றன. அணுக்கள் அவையே, எடையும் அதுவே. கண்ணாடிப் புட்டியில் வெளிச்சத்தில் வைத்த மிளகுத்தூள் காரம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட கலவையிலிருந்து ஒன்றை மட்டும் எப்படி எடுப்பது?

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றுவார்கள். உள்ளே உருவத்தின் வெற்றிடம் நிற்கும். உலோகம் ஊற்றுவது அதற்குப் பிறகு. மூலக்கூற்றுத் தடம் பதித்த பாலிமர் என்னும் முறையில் அந்த வெற்றிடமே இறுதிப் பொருள்.

பைப்பரினை அசிட்டோநைட்ரைலில் கரைத்து, அதோடு அக்ரிலிக் அமிலம் சேர்க்கிறார்கள். பைப்பரினின் ஆக்சிஜன் அணுக்களை அமிலத்தின் ஹைட்ரஜன் மெல்லப் பற்றிக்கொள்கிறது. அந்த நிலை கலைவதற்குள் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட் என்னும் குறுக்குப் பிணைப்பானைப் பல மடங்கு சேர்த்துச் சூடாக்கினால், பைப்பரினைச் சுற்றிப் பாலிமர் கெட்டிப்படுகிறது. பிறகு அசிட்டிக் அமிலம் கலந்த மெத்தனாலால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பைப்பரின் வெளியேறிய இடத்தில் அதன் வடிவத்தில் ஒரு குழி இருக்கும். குழியின் சுவரில் அதைப் பற்றக்கூடிய அமிலத் தொகுதிகள் அதே இடத்தில் இருக்கும். மறுபடி பைப்பரின் வந்தால் அமரும். வளைவு மாறியது வந்தால் எளிதில் பொருந்தாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சரிபார்க்கும் விதம். பைப்பரினே சேர்க்காமல், மற்ற எல்லாம் அப்படியே வைத்து, இரண்டாவது பாலிமர் ஒன்றையும் செய்வார்கள். இரண்டும் ஒரே அளவில் பைப்பரினை ஈர்த்தால், குழி என்று நாம் நம்பியது குழியே அல்ல, வெறும் ஒட்டும் தன்மை. இந்த ஒப்பீடு இல்லாத எந்த முடிவையும் நான் ஏற்கமாட்டேன்.

எண்ணம் பழையது. 1949இல் அமெரிக்காவில் ஃபிராங்க் டிக்கி, மெத்தில் ஆரஞ்சுச் சாயத்தை வைத்துச் சிலிக்காவில் தடம் பதித்தார். 1972இல் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் பாலிமரில் செய்துகாட்டினார். ஸ்வீடனின் லுண்ட் நகரில் கிளாஸ் மோஸ்பாக் குழு 1993இல் வெளியிட்ட ஆய்வுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது. தேயிலையில் இருக்கும் தியோஃபிலினுக்கும் காஃபீனுக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வேறுபாடு. தியோஃபிலினுக்காகச் செய்த பாலிமர் காஃபீனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது.

நம் மலேசியாவில் மிளகு ஏறக்குறைய முழுவதும் சரவாக்கில் விளைகிறது. மேலே சொன்ன பைப்பரின் பாலிமரை நுண்ணிய உருண்டைகளாகச் செய்து 2016இல் வெளியிட்டவர்களும் சரவாக்கின் யுனிமாஸ் பல்கலைக்கழகத்தாரே. சிறுநீரில் கலந்த பைப்பரினை அதைக்கொண்டு மீட்டெடுத்தார்கள். உடலுக்குள் போன பைப்பரினைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. குர்குமினோடு சிறிது பைப்பரின் கொடுத்தால் இரத்தத்தில் சேரும் குர்குமின் பல மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்ட பாட்டிமார்கள் இதற்காகவா போட்டார்கள் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் சேர்க்கை சரியானது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பைப்பரினுக்குக் குழி செய்ய, முதலில் தூய பைப்பரின் கையில் இருக்க வேண்டும். கிடைப்பதற்கு அரிய மூலிகைச் சேர்மங்களுக்கு இதுவே பெரிய தடை. அதே வடிவமுள்ள மலிவான வேறொரு மூலக்கூறை வைத்துத் தடம் பதிப்பது ஒரு வழி. இன்னொரு தொல்லை, கழுவியும் ஆழத்தில் தங்கிவிடும் பைப்பரின் சோதனையின்போது கசிந்து அளவைக் கெடுப்பது. தண்ணீரும் எதிரிதான், அது ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தானே பற்றிக்கொள்ளும்.

ஆகவே டன் கணக்கில் மூலிகைச் சாறு பிழிய இது உதவும் என்று நான் நினைக்கவில்லை. சோதனைக்குத்தான் இதன் அருமை. மிளகில் பப்பாளி விதை கலக்கும் பழைய மோசடி இன்றும் ஒழியவில்லை. அந்த விதையில் பைப்பரின் கிடையாது. விரலளவு குழாயில் இந்தப் பாலிமரை அடைத்து, மிளகுத்தூளின் சாற்றை அதன் வழியே விட்டால், மற்ற சேர்மங்கள் வடிந்துபோய்ப் பைப்பரின் தங்கும். பிறகு அதைக் கழுவி எடுத்து அளக்கலாம்.

இந்தச் சோதனையைச் செய்துபார்க்க நம் நாட்டிலேயே இடம் உண்டு. நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. வேதிப் பொறியியல் அங்கே பாடம். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இந்த வட்டாரத்திலிருந்து ஒரு மாணவரோ மாணவியோ இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால், நம் சந்தைகளில் விற்கும் மிளகுத்தூளையே முதல் மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

(தொடரும்)